வரிசையாக மைக், ஒரே செய்தி: ஓசூர் எல்லையில் உள்ளூர் தொலைக்காட்சி

திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளுக்கு மனுதாரர்களுக்கு முன்பே கேமராக்கள் வந்துவிடும். தமிழகத்தின் எல்லா ஆட்சியர் அலுவலகங்களிலும் இதுதான் நிலைமை, கிருஷ்ணகிரியிலும் அப்படித்தான். நுழைவாயிலில் போலீசார் பைகளைத் திறந்து மண்ணெண்ணெய் பாட்டில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள். 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு குடும்பமே தீக்குளித்த பிறகு மாநிலம் முழுக்க இறுகிப்போன வழக்கம் இது. பட்டாவுக்கும் பாதைக்கும் நடையாய் நடந்து அலுத்தவர்களுக்கு ஒன்று தெரியும்: மனுவுக்கு ரசீது கிடைக்கும், கேமரா முன்னால் பேசினால் சில சமயம் பதிலே கிடைக்கும்.

அங்கே நிற்பவர்களில் உள்ளூர் கேபிள் சேனலின் நிருபர் உண்டு, சென்னைச் செய்தி சேனல்களின் ஸ்டிரிங்கர்கள் உண்டு, யூடியூப் சேனல்காரர்களும் உண்டு. மைக்குகள் வரிசையாக நீளும். சாயங்காலம் அவற்றையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தால் ஒரே காட்சி, ஒரே பைட், கிட்டத்தட்ட ஒரே வாசகம். ஒருவர் எடுத்ததை வாட்ஸ்அப் குழுவில் போடுவார், மற்றவர்கள் தங்கள் லோகோவைப் பொருத்திக்கொள்வார்கள். வராதவருக்கும் செய்தி வந்து சேர்ந்துவிடும். இதைச் சோம்பல் என்று தள்ளிவிட முடியாது. செய்திக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்துக் காசு வாங்கும் ஒருவர் ஓசூருக்கும் ஊத்தங்கரைக்கும் ஒரே நாளில் பெட்ரோல் போட்டு ஓட முடியாது.

சந்தையில் கடைகள் கூடினால் சரக்கின் தரம் கூடும் என்பது பொதுவான நம்பிக்கை. ஒளிபரப்பில் அது அப்படியே பலிக்காது என்று பீட்டர் ஸ்டைனர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1952-லேயே எழுதினார். அவர் ஆராய்ந்தது வானொலி. விளம்பரத்தை மட்டும் நம்பிய நிலையங்கள் பல இருந்தால், ஒவ்வொன்றும் பெருங்கூட்டம் விரும்பும் அதே நிகழ்ச்சியைத்தான் போடும். சிறு கூட்டத்துக்கான நிகழ்ச்சியைப் போட ஒரு நிலையமும் முன்வராது. எல்லா நிலையங்களும் ஒருவர் கையில் இருந்தால் அவராவது தன்னோடு தானே போட்டியிடாமல் வேறு வேறு நிகழ்ச்சிகளைப் பரப்பி வைப்பார். ஏகபோகத்துக்கு வக்காலத்து வாங்க நான் இதைச் சொல்லவில்லை. கேபிள் ஏகபோகத்தைத் தமிழ்நாடு நன்றாகவே அனுபவித்திருக்கிறது. ஆனால் சிறிய ஊரில் சேனல்களின் எண்ணிக்கை கூடும்போது கூடுவது செய்தியா, அதன் நகலா என்ற கேள்விக்கு ஓசூர் நல்ல சோதனைக்களம்.

கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து பிரிந்த மாவட்டம். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 18,79,809. அதில் கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூர் 2019-ல் மாநகராட்சி ஆனது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ். மோட்டார், டைட்டன் என்று சிப்காட் கொண்டுவந்த பெயர்களோடு இப்போது போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா எலக்ட்ரிக்கும், கெலமங்கலம் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸும் சேர்ந்துள்ளன. பெங்களூரு 40 கிலோமீட்டர், சென்னை 300 கிலோமீட்டருக்கு மேல். செய்திக்கு இந்தத் தூரக் கணக்கு முக்கியம்.

உள்ளூர் சேனல் பிறந்தது கேபிள்காரரின் கன்ட்ரோல் ரூமில். 1990-களில் டிஷ் ஆன்டெனா வைத்துத் தெருவுக்குத் தெரு வயர் இழுத்தவர், ஒரு வீடியோ பிளேயரையும் ஒரு மாடுலேட்டரையும் வைத்துத் தன் சொந்த சேனலை விட்டார். முதலில் சினிமா. பிறகு வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி, ஜவுளிக்கடை விளம்பரம். பிறகு சந்திரசூடேஸ்வரர் தேரோட்டம், கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி, கடைசியில் அரை மணி நேரச் செய்தி. அனலாக் கேபிளில் இதற்கு யாரிடமும் அனுமதி வாங்கத் தேவையில்லாத நிலை. ஓர் அலைவரிசை காலியாக இருந்தால் போதும். பக்கத்து ஏரியாக்காரர் இன்னொரு சேனல் விட்டால் அதுதான் போட்டி. சேலத்தில் கேபிள் தொழிலில் வேர்விட்டு, மாநிலம் தழுவிய சேனலாக வளர்ந்த பாலிமர் இந்தத் தலைமுறையின் கண்முன்னே நின்ற வெற்றிக்கதை. நாமும் ஒருநாள் அப்படி ஆகலாம் என்ற ஆசை பல கன்ட்ரோல் ரூம்களில் இருந்தது.

அந்த வாசலை மூடியது டிஜிட்டல். கேபிளை டிஜிட்டலாக்கும் திட்டத்தின் நான்காம் கட்டம் 2017 மார்ச்சோடு கிராமங்கள்வரை முடிய வேண்டும் என்று மத்திய அரசு கெடு வைத்தது. செட்டாப் பாக்ஸுக்கு வரும் சமிக்ஞை பூட்டுப் போட்டு வருகிறது. நடுவில் இருக்கும் ஆபரேட்டர் தன் மாடுலேட்டரால் அதில் எதையும் செருக முடியாது. சேனல் தெரிய வேண்டுமானால் மேலே, பெரிய நிறுவனத்தின் சமிக்ஞை கிளம்பும் ஹெட்எண்டில் இடம் பிடிக்க வேண்டும். படம் தெளிவாகிவிட்டது, எண்ணிக்கை பல மடங்கு கூடிவிட்டது, எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஆனால் ஓசூர்ச் செய்தி ஓசூரில் தெரிவதற்கான அனுமதி ஓசூரை விட்டு வெளியே போய்விட்டது. இந்த மாற்றத்தைப் பற்றித் தமிழில் போதுமான அளவு எழுதப்படவில்லை என்பது என் எண்ணம். பேச்செல்லாம் மாதக் கட்டணத்திலேயே நின்றுவிட்டது.

தமிழ்நாட்டில் அந்த மேலிடம் பெரும்பாலும் அரசே. சன் குழுமத்து மாறன் சகோதரர்களோடு கருணாநிதி குடும்பத்துக்குப் பிணக்கு வந்த 2007-ல் அரசு கேபிள் டிவி நிறுவனம் பிறந்தது. பிணக்கு தீர்ந்ததும் படுத்துக்கொண்டது. 2011 செப்டம்பரில் ஜெயலலிதா 70 ரூபாய்க் கட்டணத்தோடு அதை எழுப்பி நிறுத்தினார். சன் குழுமத்தின் சுமங்கலி கேபிள் வைத்திருந்த பிடி மாவட்டங்களில் தளர்ந்தது உண்மை. அதோடு உள்ளூர் சேனல்கள் இடம் கேட்டு நிற்க வேண்டிய வாசலும் அரசு வாசலானது. 2022 நவம்பரில் மென்பொருள் சிக்கலால் அரசு கேபிள் பெட்டிகள் பரவலாக முடங்கியபோது, அதில் ஓடிய உள்ளூர் சேனல்களும் சேர்ந்தே இருண்டன.

மாவட்டத்தில் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு முகம் உண்டு. ஆட்சியர் அலுவலகத்திலேயே அரசு கேபிளுக்கென்று தனி வட்டாட்சியர் உட்கார்ந்திருக்கிறார். 1995-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி நெட்வொர்க்குகள் சட்டப்படி, விதி மீறியதாகக் கருதும் ஒளிபரப்பைத் தடுக்கவும் கருவிகளைப் பறிமுதல் செய்யவும் அதிகாரம் பெற்ற அலுவலர்களில் மாவட்ட ஆட்சியர் முதலாமவர். தேர்தல் வந்தால் அவரே மாவட்டத் தேர்தல் அலுவலர். கேபிளில் ஓடும் கட்சி விளம்பரங்களுக்கு முன்கூட்டியே சான்று தருவதும், காசு வாங்கிப் போட்ட செய்தியைக் கண்காணிப்பதும் அவர் தலைமையிலான குழுவின் வேலை. திங்கட்கிழமை மனுதாரர் யாரைக் குறை சொல்கிறாரோ அந்த நிர்வாகத்தின் தலைவரும் அவர்தான். தனிப்பட்ட ஆட்சியர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், உள்ளூர் சேனல்காரர் தன் செய்தியை எழுதும்போது இந்தத் தொப்பிகள் எல்லாம் கண்முன் வரும். அதனால்தான் அங்கே குறை சொல்லும் செய்தியும் “ஆட்சியர் உடனடி நடவடிக்கை எடுக்க வேண்டும் எனப் பொதுமக்கள் கோரிக்கை” என்று கும்பிட்டு முடிகிறது.

2022 நவம்பர் 30-ல் மத்திய தகவல் ஒளிபரப்பு அமைச்சகம் வெளியிட்ட நெறிமுறைகள் இத்தகைய சேனல்களுக்கு முதல்முறையாக ஒழுங்கான சட்ட முகவரி கொடுத்தன. ஒரு சேனலுக்கு 1,000 ரூபாய்ப் பதிவுக் கட்டணம். ஒளிபரப்பியதை 90 நாள் பதிவாக வைத்திருக்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் மொத்தக் கொள்ளளவில் 5 விழுக்காடுவரை இப்படிச் சொந்த சேனல்கள் விடலாம், அதற்கு மேல் மாவட்டத்துக்கு 2. உள்ளூர்ச் செய்தி போடுவதானால் கேபிள் நிறுவனம் கம்பெனியாகப் பதிவாகியிருக்க வேண்டும். இவற்றையெல்லாம்விடச் சிறு சந்தையைக் கடிக்கும் விதி இன்னொன்று: ஒரு நிறுவனத்தின் இத்தகைய சேனலை இன்னொரு நிறுவனத்தின் பெட்டியில் காட்டக் கூடாது. கோயில் நேரலை மாதிரி சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. ஏற்கெனவே சின்னதான ஊரை, யார் வீட்டில் எந்தப் பெட்டி என்று இது கூறுபோடுகிறது. நகைக்கடைக்காரர் ஒருவர் ஊர் முழுக்கத் தெரிய வேண்டுமானால் ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாகக் காசு கொடுக்க வேண்டும். அவர் கொடுக்க மாட்டார், பிளெக்ஸ் வைத்துவிடுவார்.

காசு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் மற்றதும் விளங்கும். ஓசூருக்குப் பேர் வாங்கிக்கொடுத்த தொழிற்சாலைகள் உள்ளூர் சேனலுக்குக் காசு கொடுப்பதில்லை, கொடுக்கக் காரணமும் இல்லை. லாரியையும் மோட்டார் சைக்கிளையும் கைக்கடிகாரத்தையும் அவை நாடு முழுக்க விற்கின்றன. மூக்கண்டப்பள்ளிப் பார்வையாளர் அவற்றுக்குத் தனி வாடிக்கையாளர் அல்ல. அரசு விளம்பரம் பெரிய சேனலுக்கும் நாளிதழுக்கும் போகிறது. பார்வையாளர் எண்ணிக்கையைக் காட்டிப் பேரம் பேசலாம் என்றால், பார்க் அமைப்பின் மீட்டர் கேபிள் உள்ளூர் சேனல்களை அளப்பதில்லை. மிஞ்சுவது ஜவுளி, நகை, தனியார் பள்ளி, மருத்துவமனை, எல்லாவற்றுக்கும் மேலாக வீட்டுமனை.

வீட்டுமனைதான் இந்தப் பகுதியின் மிகப் பெரிய செய்தியும். 2024 ஜூன் 27-ல் சட்டமன்றத்தில் 110 விதியின் கீழ் முதல்வர் ஸ்டாலின், ஓசூரில் 2,000 ஏக்கரில் ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் விமான நிலையம் அமையும் என்று அறிவித்தார். மனை விளம்பரங்களில் விமானம் அன்றைக்கே இறங்கிவிட்டது. எந்த ஏரிக்கரை எந்த லேஅவுட்டுக்குள் போனது, ஓசூர் புதுநகர் வளர்ச்சி ஆணைய ஒப்புதல் உண்மையில் இருக்கிறதா என்று கேட்க வேண்டியவர், அந்த விளம்பரத்தில் மாதம் ஓட்டுபவர். விமான நிலையத்தைப் பற்றி முதலில் கேட்க வேண்டிய கேள்வியோ பெங்களூருவில் கிடக்கிறது: கெம்பேகவுடா விமான நிலையத்தின் ஒப்பந்தத்தில், அது திறந்து 25 ஆண்டு ஆகும்வரை 150 கிலோமீட்டருக்குள் போட்டி நிலையம் வருவதைத் தடுக்கும் விதி உண்டு. அது திறந்தது 2008-ல். மனை வாங்கப் போகிறவருக்கு 2033 என்ற எண்ணைச் சொல்ல வேண்டியது உள்ளூர்ச் செய்தியின் வேலை.

இங்கேதான் எல்லை வருகிறது. ஜேம்ஸ் ஸ்னைடர், டேவிட் ஸ்ட்ரோம்பெர்க் என்ற இரு ஆய்வாளர்கள் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பத்திரிகையின் விற்பனைப் பரப்பும் நாடாளுமன்றத் தொகுதியின் எல்லையும் எவ்வளவு பொருந்துகின்றன என்று அமெரிக்காவில் அளந்தார்கள். பொருந்தாத இடங்களில் மக்களுக்குத் தங்கள் பிரதிநிதியின் பெயரே சரியாகத் தெரியவில்லை; பிரதிநிதியும் குறைவாக உழைத்தார், தொகுதிக்கு வந்த நிதியும் குறைந்தது. பத்திரிகைப் பரவல் கூடிய இந்திய மாநிலங்களில் வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் அரசு விரைந்து அசைந்ததை பெஸ்லியும் பர்ஜெஸ்ஸும் 2002-ல் காட்டியிருந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், செய்தியின் எல்லையும் ஆட்சியின் எல்லையும் விலகிக் கிடக்கும் இடத்தில் ஜனங்கள்தான் நஷ்டப்படுவார்கள். ஓசூரில் விலகியே கிடக்கின்றன.

தென்பெண்ணையை எடுத்துக்கொள்வோம். பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாக வரும் பெங்களூருக் கழிவு, ஆற்றில் கலந்து ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. மழை பெய்து மதகு திறந்தால் ஆற்றில் வெள்ளை வெளேரென்று நுரை மலையாய்ப் பொங்கும், நந்திமங்கலம் தரைப்பாலத்தை மூடிவிடும். இதைவிட நல்ல டிவிக் காட்சி கிடைக்காது. எல்லா சேனலும் வரும், ட்ரோன்கூடப் பறக்கும். நுரையில் நிருபர் நின்று பேசுவார். ஆண்டுக்காண்டு அதே இடம், அதே கோணம். சுத்திகரிப்பு நிலையம் எது ஓடுகிறது, எது ஓடவில்லை, பசுமைத் தீர்ப்பாயத்தில் கர்நாடகம் என்ன சொல்லியிருக்கிறது என்பதற்குப் பாலத்திலிருந்து வடக்கே ஒரு மணி நேரம் பயணம் செய்ய வேண்டும், கன்னடம் படிக்க வேண்டும். அந்தப் பயணச் செலவை எந்த உள்ளூர் சேனலின் ஒரு நாள் விளம்பரமும் தாங்காது. சென்னை சேனலுக்கு அது பெங்களூரு நிருபரின் வேலை. பெங்களூரு சேனலுக்கு அணை வேறு மாநிலத்தில் இருக்கிறது.

அத்திப்பள்ளி இன்னும் கொடுமையான உதாரணம். 2023 ஜூலை 29-ல் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் குடோன் வெடித்து 9 பேர் இறந்தார்கள். வெடித்தது பட்டாசா, பக்கத்து ஓட்டல் சிலிண்டரா என்ற வாதம் அரசியலானது. அக்டோபர் 7-ல் எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் பட்டாசுக் கிடங்கு எரிந்து, முதலிலேயே 14 உயிர் போனது. இறந்தவர்களில் பெரும்பாலோர் தீபாவளி வியாபாரத்துக்கு வேலைக்குப் போன தமிழகத்து இளைஞர்கள். இரண்டு இடமும் ஒரே நெடுஞ்சாலையில், மூன்று மாதத்துக்குள். ஒரு விபத்தைச் சேலம் பதிப்பும் இன்னொன்றைப் பெங்களூருப் பதிப்பும் எழுதின. உரிமம் யார் கொடுத்தார், சரக்கு எந்த வழியாகப் போகிறது, ஆள் யார் பிடித்துக்கொடுக்கிறார் என்று இரண்டையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்க்க இரண்டு பக்கமும் காலூன்றிய செய்தி நிறுவனம் வேண்டும்.

2016 செப்டம்பர் 12-ல் காவிரிக்காகப் பெங்களூருவில் கே.பி.என். பேருந்துகள் எரிந்தபோது, எல்லையிலுள்ள ஜூஜூவாடியோடு தமிழகப் பேருந்துகள் நின்றன; குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு எல்லையை நடந்து கடந்தன. அன்று ஓசூர்வாசிக்கு வேண்டியிருந்தது எளிய தகவல்: சாலை திறந்திருக்கிறதா, பேருந்து எங்கிருந்து கிளம்புகிறது, நாளை ஷிப்டு உண்டா. கிடைத்தது, எரியும் பேருந்து திரும்பத் திரும்ப. கட்டுப்பாடு காக்கும்படி மத்திய அமைச்சகம் சேனல்களுக்கு அறிவுரை விட வேண்டியிருந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் கிருஷ்ணகிரிக்கு ஏப்ரல் 19, பெங்களூருவுக்கு ஏப்ரல் 26. ஓசூரில் பிரச்சாரம் ஓய்ந்து தமிழ் உள்ளூர் சேனல் வாய்மூடியிருந்தபோது, அதே பெட்டியில் கன்னட சேனல்கள் முழுமூச்சாகப் பேசிக்கொண்டிருந்தன. சட்டப்படி தவறில்லை, எல்லையில் சட்டம் எப்படி இருக்கும் என்பதற்கு இது ஒரு சான்று.

இந்த நிலைமைக்கு உலகத்தில் நெருங்கிய சொந்தம் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம். ஒரு பக்கம் நியூயார்க், இன்னொரு பக்கம் ஃபிலடெல்பியா. இரண்டின் கோபுரங்களும் மாநிலத்தை மூடியதால், சொந்தமாகப் பெரிய வணிகத் தொலைக்காட்சி நிலையம் இல்லாமல் கிடந்தது. அதற்கென்றே 1982-ல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்தில் ஒரு பிரிவைச் செருகி, மறு ஆண்டு நியூயார்க்கின் டபிள்யு.ஓ.ஆர். நிலையத்தின் உரிமத்தை நியூ ஜெர்சியின் செகாகஸ் ஊருக்கு மாற்ற வைத்தது. முகவரி மாறியது, கண் நியூயார்க் மேலேயே இருந்தது. விளம்பரப் பணம் அங்கேதானே இருந்தது. அந்த மாநிலச் செய்தியை ஒழுங்காகச் சொன்னது 1971 முதல் ஓடிய பொதுத் தொலைக்காட்சி. செலவு மிச்சம் பிடிக்கிறோம் என்று 2011-ல் அரசு அதைக் கைகழுவியது. பிறகு 2018-ல், பல்கலைக்கழகங்களைச் சேர்த்து ஒரு கூட்டமைப்பு வைத்து, உள்ளூர்ச் செய்திக்கு அரசுப் பணம் கொடுக்கச் சட்டம் இயற்றினார்கள்.

ஓசூரின் உள்ளூர் சேனல்களைக் குறைத்து எடைபோட எனக்கு மனமில்லை. அவை உருப்படியாகச் செய்யும் ஒன்றைப் பெரிய சேனல் எதுவும் செய்யாது. குளிர்காலத்தில் ராகி முற்றும்போது பன்னேர்கட்டாவிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, சானமாவு என்று இறங்கும். எந்தக் காட்டில் எத்தனை யானை நிற்கிறது, எந்தக் கிராமத்தார் இரவில் தோட்டத்துக்குப் போகக் கூடாது என்று வனத்துறை சொல்வது உள்ளூர் சேனலின் கீழ்வரியில் ஓடும். இப்போது வாட்ஸ்அப்பும் அதைச் செய்கிறது. உயிர் காக்கும் செய்தி இது. சென்னைக்கு யானை மிதித்த பிறகுதான் செய்தி. அதேபோல் 2023 பிப்ரவரி 2-ல் கோபசந்திரத்தில் எருது விடும் விழாவுக்கு அனுமதி கேட்டுத் தேசிய நெடுஞ்சாலையை மறித்து, கல்வீச்சும் கண்ணீர்ப்புகையும் நடந்தபோது, சாலை எங்கே அடைபட்டிருக்கிறது என்பதை ஊர்க்காரர்களின் போன்கள்தான் முதலில் காட்டின. கேபிளை ஒரேயடியாகத் தாண்டிப்போக யூடியூப் வழிகொடுத்தது. ஹெட்எண்டும் வேண்டாம், வட்டாட்சியரும் வேண்டாம். ஆனால் யூடியூப் தரும் காசு மொத்தப் பார்வையைப் பார்த்து வருகிறது. ஓசூரைப் பற்றி ஓசூருக்குச் சொல்பவனைவிட, நடிகையைப் பற்றித் தமிழ் உலகத்துக்குச் சொல்பவனுக்கு அதிகம் கிடைக்கும்.

தொழிற்சாலைச் செய்தி இந்தச் சந்தைக்கு வெளியிலேயே நிற்கிறது. 2024 செப்டம்பர் 28 விடியற்காலை டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் தீப்பிடித்து உற்பத்தி நின்றது. அங்கே ஐபோன் பாகங்கள் தயாராவதால் ராய்ட்டர்ஸ் உடனடியாக உலகத்துக்குச் சொன்னது. விநியோகம் பாதிக்குமா, பண்டிகை விற்பனைக்குத் தட்டுப்பாடு வருமா என்று வாசகருக்குக் கணக்குப் போட்டுக்கொடுத்தது. உள்ளூர் கேமராவுக்குக் கேட்டுக்கு வெளியே புகை மட்டும் தெரிந்தது. உள்ளே வேலை செய்யும் பெண்களின் வீடுகள் இருக்கும் ஊர்களில் வேண்டிய செய்தி வேறு: நாளை வேன் வருமா, இந்த மாதச் சம்பளம் முழுசாக வருமா, அந்தப் புகை ஏரிக்கு என்ன செய்யும்.

விதி அனுமதிக்கும் மாவட்டத்துக்கு 2 சேனலில் ஒன்றையாவது ஆட்சியர் அலுவலகத்திலிருந்து பிரித்து, எல்லாப் பெட்டியிலும் இலவசமாக வரும்படி வைப்பதுதான் முதலில் செய்ய வேண்டியது. அரசு கேபிளே அரசுடையது என்பதால் இதற்குப் புதுக் குழாய் போட வேண்டியதில்லை, மற்ற நிறுவனங்களுக்கு மட்டும் கோயில் நேரலைக்குக் கொடுத்த விலக்கை உள்ளூர்ச் செய்திக்கும் நீட்ட வேண்டும். பணம் அரசிடமிருந்து நேராக வராமல் நியூ ஜெர்சி மாதிரி நடுவில் ஓர் அமைப்பு இருக்க வேண்டும். ஆளுக்குப் பஞ்சமில்லை. கிருஷ்ணகிரி எம்.பி. கோபிநாத் 2024-ல் மக்களவையில் தெலுங்கில் பதவியேற்ற தொகுதி இது. வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், பெங்களூரு பஸ்ஸில் கன்னடம் என்று வளர்ந்த பிள்ளைகள் தெருவுக்கு நாலு பேர் உண்டு. வர்த்தூரில் போய் ஆவணம் படித்துக் கெலவரப்பள்ளியில் வந்து சொல்ல அவர்களால் முடியும். இன்றைய நிலையில் அவர்களுக்கு மாதச் சம்பளம் கொடுப்பது சிப்காட்டும் பெங்களூருப் பக்கத்துப் பொம்மசந்திரா ஆலைகளும்தான், சேனல் எதுவும் இல்லை.